ஐயரம்மாவிடம் கேளுங்கள்: வந்த கடிதத்தை விரித்து வையுங்கள்

சபைப் போதகரின் மனைவியான இந்த ஐயரம்மாவுக்கு இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கவலையைப் பற்றித்தான். ஜூன் மாதம் அல்லவா? பள்ளிக்கூடமும் காலேஜும் திறக்கிற நேரம். நகை அடகுக் கடையில் கூட்டம் நிற்கிற மாதத்தில் எனக்கும் தபால் அதிகமாக வரும். பெரிய கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். பெயர் யாருக்கும் போடவில்லை, ஊர் மட்டும்தான்.

கேள்வி: ஐயரம்மாவுக்கு ஸ்தோத்திரம். நான் பீடி சுற்றுகிறேன். வீட்டுக்காரருக்குக் கேரளாவில் கட்டட வேலை. பணம் ஒரு மாதம் வரும், ஒரு மாதம் வராது. மகள் பிளஸ் டூ முடித்து நர்சிங் சேர்ந்திருக்கிறாள். குழுக்கடன் இரண்டு இடத்தில் இருக்கிறது, வாராவாரம் தவணை. ராத்திரி இரண்டு மணிக்கு முழிப்பு வந்தால் அப்புறம் விடிகிற வரைக்கும் தூக்கம் கிடையாது. பாரத்தைக் கர்த்தர்மேல் வைத்துவிட்டேன் என்று ஜெபம் பண்ணுகிறேன். காலையில் எழுந்தால் பாரம் என் தலையில்தான் இருக்கிறது. ஜெபக்குழுவில் ஒரு அக்கா, உனக்கு விசுவாசம் போதாது என்று சொல்லிவிட்டார்கள். அதிலிருந்து அங்கே போகவும் மனசில்லை.
– வாசகி, முக்கூடல் பக்கம்

முதலில் அந்த அக்கா விஷயத்தை முடித்துவிடுவோம். பையனுக்குச் சுகமில்லை என்று ஆண்டவரிடம் வந்த ஒரு தகப்பன், "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று அழுதான். போதாத விசுவாசம்தான். அவனே ஒத்துக்கொள்கிறான். போய் நிறைய எடுத்துக்கொண்டு வா என்று ஆண்டவர் அவனைத் திருப்பி அனுப்பவில்லை. பையனைச் சுகமாக்கிக் கையில் கொடுத்தார். அந்த அக்காவுக்கு மாற்கு 9-ஆம் அதிகாரத்தை வாசித்துக் காட்டுங்கள். வாசிக்க அவர்களுக்கு மனமில்லாவிட்டால் வேறு ஜெபக்குழு இருக்கிறது. முக்கூடல் பக்கம் ஜெபக்குழுவுக்கா பஞ்சம்?

அடுத்தது, வைத்த பாரம் மறுபடியும் தலைக்கு வந்துவிடுகிறது என்கிறீர்கள். நம் பக்கத்துப் பழைய சாலை ஓரங்களில் சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீர்கள். பிள்ளைத்தாய்ச்சியாக இறந்துபோன பெண்களின் நினைவாக வைத்தவை. தலைச்சுமையோடு வந்தவர்கள் அதில் இறக்கி வைப்பார்கள், கழுத்தை நிமிர்த்தி மூச்சு வாங்குவார்கள், அப்புறம் தூக்கிக்கொண்டு நடப்பார்கள். அடுத்த கல் வந்ததும் மறுபடி இறக்குவார்கள். தூக்கிக்கொண்டு போனானே என்று அவனை யாரும் ஏசியதில்லை. "கர்த்தர்மேல் உன் பாரத்தை வைத்துவிடு, அவர் உன்னை ஆதரிப்பார்" என்கிற 55-ஆம் சங்கீதத்திலேயே, அந்தி சந்தி மத்தியான வேளைகளிலும் தியானம்பண்ணி முறையிடுவேன் என்று தாவீது சொல்கிறார். ஒரு நாளைக்கு மூன்று தடவை! ஒரே தடவையில் இறங்கிப் போகிற பாரமாக இருந்தால் மூன்று வேளை எதற்கு?

இனி நான் உண்மையில் சொல்ல வந்தது. நீங்கள் எப்படி ஜெபம் பண்ணுகிறீர்கள் என்று எழுதவில்லை. ஆனால் நம் ஜனங்கள் பண்ணுகிற ஜெபத்தைக் கேட்டு வளர்ந்தவள் நான். ஞாயிற்றுக்கிழமை ஸ்தோத்திரக் காணிக்கைக் கவர்களை வாசிக்கும்போது கவனித்துப் பாருங்கள். "பேரனுக்கு டெங்கு காய்ச்சல் சுகமானதற்காக 200 ரூபாய்." "பசு கன்று ஈன்றதற்காக 50 ரூபாய்." "மகள் வீட்டுக்குக் கரண்ட் இணைப்பு கிடைத்ததற்காக." நன்றி சொல்லும்போது என்ன ஒரு துல்லியம்! அதே ஆட்கள் கேட்கும்போது, "எங்கள் பாரங்கள் கவலைகள் கண்ணீர்கள் யாவையும் உம்முடைய பாதத்தில் வைக்கிறோம்" என்று மொத்தமாகச் சொல்லி ஆமென் போட்டுவிடுகிறார்கள். என்ன பாரம், எவ்வளவு, எந்தத் தேதிக்குள்? ஒன்றும் இல்லை. மூட்டையைப் பிரிக்காமலே வைத்துவிட்டு வருகிறோம். அதனால்தான் இரண்டு மணிக்கு அது முழுசாகத் திரும்பி வருகிறது.

எசேக்கியா ராஜா செய்ததைப் பாருங்கள். கி.மு. 701-இல் அசீரியாக்காரன் யூதாவின் பட்டணங்களைப் பிடித்துக்கொண்டு, எருசலேமுக்கு மிரட்டல் கடிதம் அனுப்புகிறான். எசேக்கியா அதைக் கையில் வாங்கி வாசித்தார். வாசித்தபின் தேவாலயத்துக்குப் போய் அதைக் கர்த்தருக்கு முன்பாக விரித்து வைத்தார். இரண்டாம் ராஜாக்கள் 19. கர்த்தருக்கு வாசிக்கத் தெரியாதா என்ன? இருந்தாலும் விரித்தார்.

இதை நான் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டு ஐயர் ஒரு தேரிக்காட்டுச் சேகரத்தில், அதாவது செம்மணல் பக்கத்துச் சபைகளில், ஊழியம் செய்த காலத்தில் ஒரு ஆச்சி இருந்தார்கள், பனையேறி ஒருவரின் விதவை. எழுத்து வாசிக்கத் தெரியாது. பேங்க் நோட்டீஸ், தாலுகா ஆபீஸ் கடிதம், எது வந்தாலும் மடியில் சொருகிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வந்துவிடுவார்கள். ஆராதனை முடிந்து கூட்டம் கலைந்தபின் என்னைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்வார்கள். நான் வாசித்து அர்த்தம் சொன்னதும் பேப்பரை வாங்கிக்கொண்டு போய், ஆல்டருக்கு முன்னால் தரையில் விரித்து, பறக்காமல் இருக்க நான்கு மூலையையும் உள்ளங்கையால் அழுத்தித் தேய்ப்பார்கள். "அம்மா வாசிச்சத கேட்டீரா ஆண்டவரே? இதான் சங்கதி. நாளைக்கு ஆபீஸுக்குப் போறேன், கூட வாரும்." அவ்வளவுதான் ஜெபம். மறுநாள் முதல் பஸ்ஸில் ஆச்சியைப் பார்க்கலாம். விதவைப் பென்ஷன் வரத் தாமதம்தான் ஆனது. ஆனால் தூக்கமில்லை என்று அவர்கள் சொல்லி நான் கேட்டதில்லை.

நீங்களும் ஒரு தாளை எடுங்கள். பீடி இலை அளவுத் தாள் போதும். எந்தக் குழுவுக்கு என்ன கிழமை, எத்தனை ரூபாய், இன்னும் எத்தனை வாரம். காலேஜுக்கு எந்தத் தேதிக்குள் எவ்வளவு. பீடிக் கடையிலிருந்து வாரம் எவ்வளவு கைக்கு வருகிறது. எழுதி முடித்ததும் அதை வைத்துக்கொண்டு ஜெபம் பண்ணுங்கள். "ஆண்டவரே, செவ்வாய்க்கிழமை 1,150 கட்ட வேண்டும், கையில் 600 இருக்கிறது" என்று. அவரிடம் ரூபாய்க் கணக்கு சொல்ல வெட்கப்படாதீர்கள். இரண்டு காசுக்கு ஐந்து அடைக்கலான் குருவி என்று சந்தை விலை சொன்னவரே அவர்தான்.

அப்புறம் எருசலேமின் மதிலைக் கட்டின நெகேமியா மாதிரி. "எங்கள் தேவனை நோக்கி ஜெபம்பண்ணி" என்று எழுதிய அதே வசனத்தில், இரவும் பகலும் காவல்காரரை வைத்தோம் என்றும் எழுதியிருக்கிறார். உங்கள் காவல் இதுதான். பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருந்தால், பிள்ளைகளின் படிப்புக்கு மத்திய அரசு தொழிலாளர் நலத்துறை உதவித்தொகை உண்டு. தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும், கடைசித் தேதியைக் காலேஜ் ஆபீசில் கேளுங்கள். மகள் ஆறிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால், 2022-இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்திருந்தாலும் இப்போது உண்டு. நம் மிஷன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நிறையப் பேருக்கு இது தெரிவதில்லை. தவணைக்காரர்கள் காலை 9 மணிக்கு முன்னும் சாயங்காலம் 6 மணிக்குப் பின்னும் போன் போட்டோ நேரில் வந்தோ தொந்தரவு பண்ணக்கூடாது என்று 2022-இல் ரிசர்வ் வங்கி விதி போட்டிருக்கிறது. இரண்டாவது கடனை அடைக்க மூன்றாவது வாங்குவதை மட்டும் செய்யாதீர்கள். அது ஜெபத்தில் கேட்டு வாங்க வேண்டிய காரியமே இல்லை.

இரண்டு மணி முழிப்பு உடனே நிற்காது. வந்தால் தாள் தலைமாட்டில் இருக்கட்டும். புதிதாக ஏதாவது தோன்றினால் எழுதுங்கள். தாளில் ஏற்கெனவே இருப்பதுதான் என்றால், "இது உமக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுங்கள்.

கேள்வி: 2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் வீட்டுக்குள் கழுத்தளவு தண்ணீர். பிள்ளைகளோடு மொட்டைமாடியில் ராத்திரி முழுக்க நனைந்துகொண்டு நின்றோம். கர்த்தர் காப்பாற்றினார். ஆனால் இன்றைக்கும் வானம் கறுத்தால் நெஞ்சு படபடக்கிறது. காப்பாற்றின தேவனைச் சந்தேகப்படுகிறேனோ என்று குற்ற உணர்வாக இருக்கிறது.
– வாசகி, ஏரல்

அந்த மழை சாதாரண மழையா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். பல ஊர்களில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்தாலும் அவ்வளவு வராது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே நகர முடியாமல் ஜனங்களோடு நின்றது. தாமிரபரணி நம் ஊருக்குள் வந்த அந்த ராத்திரியை உங்கள் உடம்பு ஞாபகம் வைத்திருக்கிறது. நெஞ்சு படபடப்பதற்குப் பெயர் சந்தேகம் இல்லை.

படகில் சீஷர்கள் ஆண்டவரை எழுப்பிய விதத்தை வாசியுங்கள். "போதகரே, நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா" என்கிறார்கள். மரியாதையான வார்த்தையே இல்லை. ஆனால் மாற்கு எழுதியிருக்கிற வரிசையைப் பாருங்கள். அவர் எழுந்து முதலில் காற்றை அதட்டினார், கடலை அமைதலாக்கினார். ஏன் பயப்பட்டீர்கள் என்று கேட்டது அதற்குப் பின்னால்தான். தண்ணீர் படகுக்குள் ஏறிக்கொண்டிருக்கும்போது அவர் பிரசங்கம் பண்ணவில்லை. நம்மில் சிலர் அதைத்தான் முதலில் பண்ணுகிறோம்.

மழைக்காலத்துக்கு முன்னாலேயே ஒரு பையைத் தயார் பண்ணுங்கள். ஆதார், ரேஷன் கார்டு, வீட்டுப் பத்திரம், பிள்ளைகளின் சர்டிபிகேட் எல்லாம் பிளாஸ்டிக் கவரில். மாத்திரை, டார்ச், ஒரு மாற்றுத்துணி. பரண் மேல் இருக்கட்டும். தண்ணீர் வந்தால் எந்த மேட்டு வீட்டுக்குப் போவது என்று இப்போதே பேசி வையுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077-ஐ பிள்ளைகளுக்கும் மனப்பாடம் பண்ணிக் கொடுங்கள். கூடவே 46-ஆம் சங்கீதமும். "தேவன் நமக்கு அடைக்கலமும் பெலனும், ஆபத்துக்காலத்தில் அநுகூலமான துணையுமானவர்." மழை சத்தம் கேட்கும்போது அதைச் சத்தமாகச் சொல்லுங்கள். மனசுக்குள் சொன்னால் மழைதான் ஜெயிக்கும். பிள்ளைகளும் பயந்திருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள். அம்மா பயப்படக் கூடாது என்று அவர்கள் சொல்லாமல் வைத்திருப்பார்கள்.

இன்னும் இரண்டு மழைக்காலம் போயும் குறையவில்லை என்றால் அடுத்த பதிலையும் வாசியுங்கள்.

கேள்வி: எனக்குப் பதற்றம் அதிகமாகி, டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். மூன்று மாதமாகச் சாப்பிடுகிறேன், குறைந்திருக்கிறது. ஆனால் மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுவது தேவனை நம்பாத காரியம், தூக்கி எறி என்று எங்கள் அண்ணன் சொல்கிறான். எறியவா?
– வாசகர், பாளையங்கோட்டை

எறியாதீர்கள். திடீரென்று நிறுத்துவதும் கெடுதல். நிறுத்துவதோ குறைப்பதோ டாக்டர் சொல்லி நடக்க வேண்டிய காரியம்.

உங்கள் அண்ணனுக்கு சர்க்கரையோ பிரஷரோ இருந்தால் மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேளுங்கள். மேலே சொன்ன அதே எசேக்கியா ராஜா சாகக் கிடந்து ஜெபித்தபோது கர்த்தர் பதினைந்து வருஷம் கூட்டிக் கொடுத்தார். வாக்குப் பண்ணியாகிவிட்டது. அப்புறமும் ஏசாயா தீர்க்கதரிசி என்ன சொன்னார்? அத்திப்பழத்து அடையைக் கொண்டுவாருங்கள் என்றார். பிளவையின் மேல் பற்றுப் போட்டார்கள், பிழைத்தார். வாக்குத்தத்தமும் பற்றும் ஒரே அதிகாரத்தில் இருக்கின்றன.

எலியா தீர்க்கதரிசியும்தான். கர்மேலில் அவ்வளவு பெரிய வெற்றிக்குப் பிறகு, "போதும் கர்த்தாவே" என்று சூரைச்செடியின் கீழ் சாகக் கேட்டுப் படுத்துவிட்டார். தேவதூதன் வந்து அவரைக் கடிந்துகொள்ளவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்துச் சாப்பிடச் சொன்னார். தின்றுவிட்டு மறுபடியும் தூங்கினார். மறுபடியும் எழுப்பிச் சாப்பாடு. வசனம் சொன்னதெல்லாம் ஓரேப் மலைக்குப் போனபின்தான்.

டாக்டரிடம் போகத் தயங்குகிற வேறு வாசகர்களுக்கு: 14416 என்ற எண்ணில் அரசின் டெலி மானஸ் மனநல உதவி இலவசம். தமிழிலேயே பேசலாம். பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் பெரியாஸ்பத்திரியிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே போனதை ஊருக்குச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

கேள்வி: வருஷப் பிறப்பு ராத்திரி ஆராதனையில் எனக்கு வந்த வாக்குத்தத்த அட்டை எரேமியா 29:11. "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." அதை நம்பித்தான் குரூப் 4 எழுதினேன். கிடைக்கவில்லை. அட்டையைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டேன். தவறா?
– வாசகர், சாத்தான்குளம்

தம்பி, அட்டையை எடுத்ததில் தவறில்லை. அட்டை வேதாகமம் ஆகாது. எடுத்த கையோடு அந்த அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து வாசித்தாயா?

அதுவும் ஒரு கடிதம்தான். பாபிலோனில் சிறைப்பட்டுக் கிடந்தவர்களுக்கு எரேமியா எழுதியது. இரண்டு வருஷத்தில் வீட்டுக்குப் போய்விடலாம் என்று அனனியா என்கிற ஒரு ஆள் பிரசங்கம் பண்ணிக்கொண்டிருந்த சமயம். எரேமியா எழுதுகிறார்: வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போடுங்கள், கலியாணம் பண்ணுங்கள். ஏனென்றால் எழுபது வருஷம் ஆகும். பத்தாம் வசனத்தில் எழுபது வருஷம், பதினோராம் வசனத்தில் உன் அட்டை. அட்டையில் பத்தாம் வசனத்தை யாரும் அச்சடிப்பதில்லை, விற்காது.

உனக்கு எழுபது வருஷம் ஆகும் என்று நான் சொல்லவில்லை, பயந்துவிடாதே. தேர்வு நாளைப் பற்றி அந்த வசனம் ஒன்றுமே சொல்லவில்லை என்கிறேன். அடுத்த தடவையும் எழுது. அதுவரைக்கும் சும்மா இராமல், கிடைத்த வேலைக்குப் போ. அரசாங்க வேலை வந்தபின்தான் வாழ்க்கை தொடங்கும் என்று திண்ணையில் உட்கார்ந்திருக்கிற பையன்களை நம் ஊர்களில் நிறையப் பார்க்கிறேன். அவர்களுடைய அம்மாக்கள்தான் எனக்குக் கடிதம் எழுதுகிறார்கள்.

கேள்வி: உண்மையாய் ஊழியம் செய்தவர்களைத் தேவன் ஏன் படுக்கையில் போடுகிறார்? எங்கள் அப்பா உபதேசியாராக இருந்தவர். பக்கவாதம் வந்து நான்கு வருஷமாகப் படுக்கையில் இருக்கிறார். இனி என்ன ஆகுமோ என்று நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.
– வாசகி, டோனாவூர் பக்கம்

ஏன் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. இருப்பதுபோல் எழுதுகிறவர்களை நான் நம்புவதும் இல்லை. யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் பேசாமல் கூட உட்கார்ந்திருந்தவரைக்கும் நன்றாகத்தான் இருந்தார்கள்.

நீங்கள் இருப்பது டோனாவூர் பக்கம். அங்கே பிள்ளைகளுக்கு ஆதரவு இல்லம் நடத்திய மிஷனரி ஆமி கார்மைக்கேல் அம்மையார் 1931-இல் களக்காட்டில் குழியில் விழுந்தார்கள். அதற்குப் பிறகு 1951-இல் சாகும்வரைக்கும், ஏறத்தாழ இருபது வருஷம், பெரும்பாலும் அந்த ஒரே அறைக்குள்தான். சுகமாகும்படி எத்தனை பிள்ளைகள் ஜெபித்திருப்பார்கள்! சுகம் வரவில்லை. அந்தப் படுக்கையிலிருந்துதான் பல புத்தகங்களை எழுதினார்கள். உங்கள் அப்பாவும் புத்தகம் எழுத வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வாய் குழறினாலும் அவருக்கு மனப்பாடமான கீர்த்தனைகள் இருக்கும். சாயங்காலக் குடும்ப ஜெபத்தை அவர் கட்டில் பக்கத்தில் வைத்து, முதல் அடியை அவரே எடுக்கட்டும்.

உங்களுக்கு ஒன்று. நான்கு வருஷம் தனியாக இழுத்தது போதும். சபையில் பெண்கள் ஐக்கிய சங்கத்தாரிடம் போய், வாரத்தில் ஒரு மத்தியானம் யாராவது வந்து அப்பாவோடு இருக்க முடியுமா என்று கேளுங்கள். நன்றாய் இருக்கிறேன் என்று கோயில் வாசலில் சொல்லிக்கொண்டே இருந்தால் யாருக்குத் தெரியும்? ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்க வேண்டுமானால், பாரம் இருப்பதை முதலில் ஒருவர் சொல்ல வேண்டும்.

கேள்வி: ராத்திரி ஜெபத்தில் பாதியிலேயே தூங்கிவிடுகிறேன். பாவமா?
– வாசகி, நாசரேத்

இல்லை. "அவரே தமக்குப் பிரியமானவனுக்கு நித்திரை அளிக்கிறார்." சங்கீதம் 127. முக்கூடல் வாசகி உங்களைப் பார்த்துப் பொறாமைப்படுவார்.

கேள்வி: நான் எதற்கும் கவலைப்படுகிறதில்லை. ஆகாயத்துப் பட்சிகளைப் பாருங்கள் என்று ஆண்டவர் சொல்லியிருக்கிறாரே. ஆனால் மனைவி என்னைப் பொறுப்பில்லாதவன் என்கிறாள். எங்கள் இருவரில் யார் வேதத்தின்படி நடக்கிறோம்?
– வாசகர், வள்ளியூர்

வள்ளியூரிலிருந்து கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம் பக்கம்தானே? பட்சிகளைப் பார்க்கச் சொன்னதால் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். கருவேலமரத்தில், வீட்டுக் கொல்லைப் புளியமரத்தில் எல்லாம் கூடு கட்டியிருக்கும். குஞ்சு பொரித்த நாரையும் கூழைக்கடாவும் மரத்தில் உட்கார்ந்துகொண்டு பரமபிதா பிழைப்பூட்டுவார் என்று வாயைத் திறந்து வைத்திருப்பதில்லை. குளம் குளமாக அலைந்து மீன் கொண்டுவந்து ஊட்டுகின்றன. ஆணும் பெண்ணும் முறை வைத்துப் போகும், அதையும் கவனியுங்கள்.

ஒரு வீட்டில் ஒருவருக்குக் கவலையே இல்லை என்றால், அவருடைய பங்கையும் சேர்த்து இன்னொருவர் பட்டுக்கொண்டிருக்கிறார் என்பது என் அனுபவம். உங்களுக்கு ஒரு சின்னப் பரீட்சை. இந்த மாதக் கரண்ட் பில் எவ்வளவு? கடைசி மகனுடைய வகுப்பு ஆசிரியர் பெயர் என்ன? வீட்டில் கேஸ் சிலிண்டர் எப்போது மாற்றினார்கள்? மனைவியிடம் கேட்காமல் மூன்றுக்கும் பதில் எழுதி அனுப்புங்கள். யார் வேதத்தின்படி நடக்கிறீர்கள் என்று அடுத்த இதழில் சொல்கிறேன்.